விசாப் படத்தில் இருப்பவர்

1

நைனா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. திவசத்துக்கு நாள் பார்த்துவிட்டு அம்மா செஞ்சியிலிருந்து போன் செய்தார். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் வைத்தாகிவிட்டது, யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியலும் ஒப்பித்தாகிவிட்டது. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தபோதுதான் விஷயத்துக்கு வந்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் நைனாவின் படத்தை மாற்ற வேண்டுமாம்.

"அதுல அவரு அவரா இல்லப்பா. யாரோ ஆபீசர் மாதிரி பாக்குறாரு. உன்கிட்டதான் அவ்ளோ போட்டோ இருக்குதே. நல்லதா ஒன்னு எடுத்து அனுப்பு. திவசத்துக்குள்ள மாட்டிடலாம்."

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். பாசம் பொங்கினால் அப்பாவே மகனையும் நைனா என்று கூப்பிடுவார். இதைத் தெற்கத்திக்காரர்களுக்குப் புரியவைப்பதே கஷ்டம், நான் இருக்கும் கனடாவில், எட்மன்டனில் இருப்பவர்களுக்கு எங்கே புரியவைப்பது.

சரி, அனுப்புகிறேன் என்றேன். அம்மா என்னிடம் எதையும் கேட்பவர் அல்ல. ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் என்ன வாங்கிவரட்டும் என்று கேட்பேன். நீ வந்தா போதும் என்பார், அதற்கு மேல் வற்புறுத்தினால் மூட்டுவலிக்குத் தடவ ஏதாவது என்பார். அப்படிப்பட்டவர் வாய்திறந்து ஒரு படம் கேட்கிறார். அதைக்கூடக் கொடுக்க முடியாதா என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

2

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் பிரிவில் இருக்கிறேன். யாருடைய கார் எதில் மோதியது, யார் வீட்டுக் கூரையை ஆலங்கட்டி மழை ஓட்டையாக்கியது என்பதற்கெல்லாம் படங்கள் வந்து குவியும். எந்தப் படத்துக்கு என்ன பெயர் வைத்து எங்கே போட வேண்டும் என்று விதி எழுதுவது நான். என் விதிப்படி தேடினால் எந்தக் காரின் எந்தக் கதவும் நொடியில் கிடைக்கும்.

என் சொந்தப் படங்களோ குப்பைமேடு. பழைய போன்கள், பழைய லேப்டாப்புகள், ஒவ்வொன்றும் சாகப்போகும் தறுவாயில் அவசரமாக இறக்கி வைத்தவை. 'செஞ்சி' என்று ஒரு ஃபோல்டர். 'செஞ்சி புதுசு' என்று ஒன்று. 'முக்கியம்' என்று ஒன்று, அதற்குள் 'ரொம்ப முக்கியம்' என்று ஒன்று. ஆவலோடு திறந்து பார்த்தேன். பிரிட்ஜ் வாங்கிய ரசீதின் படம் இருந்தது.

ஊரில் வெயில் தொடங்கியும் இங்கே விடாத பனியை வாசலிலிருந்து வாரிக் கொட்டிவிட்டு வந்து சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். வருஷவாரியாகப் பிரித்தேன். ஒரே படம் நாலு இடத்தில் இருந்தால் மூன்றை அழித்தேன். 'நைனா' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்தேன். அதை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்ததில் ஒரு வம்பு வந்தது. ஆபீஸ் மதிய இடைவேளையில் லேப்டாப்பில் இதையே நோண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டு பஞ்சாபிக்காரர் எட்டிப் பார்த்தார். அவர்கள் ஊரில் நைனா என்பது பெண் பெயர். யார் அந்தப் பெண் என்று கண்ணடித்தார். என் அப்பா என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது கம்ப்யூட்டரே முகம் பார்த்துப் படங்களைப் பிரித்துத் தருகிறது. நைனாவின் முகம் ஒன்றைக் காட்டி, இவரைத் தேடிக் கொடு என்றேன். அது தேடிக் கொடுத்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கைப்பிடிப் படங்கள்கூட இல்லை. கல்யாணப் படங்களில் யாருக்கோ சாம்பார் வாளியை நீட்டிக்கொண்டு முதுகைக் காட்டுகிறார். என் மகள் யாழினியின் காது குத்தில் பாதி முகம், மீதியை மாமாவின் தோள் மறைக்கிறது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் எடுத்த ஒன்றில் அவருடைய கை மட்டும் இருக்கிறது. வாட்ச்சை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன்.

கோட்டைப் படங்களுக்கு மட்டும் குறைவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ராஜகிரி ஏறுவோம். கல்யாண மகால் இந்தக் கோணத்தில், அந்தக் கோணத்தில், வெயிலில், மேகத்தில். எதிலும் நைனா இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலையை எதற்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருக்கு பஜாரில் கோணிக்கடை. கோணி, கயிறு, தார்ப்பாய். கடையிலிருந்து ஒரு கோணியை மடித்து எடுத்துவந்து, மலையடியில் புளியமரத்து நிழலில் விரித்து உட்கார்ந்து, எங்கள் பைகளைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொரு வகையும் அகப்பட்டது. வீடியோ கால் என்றாலும் நைனா போனைக் காதில்தான் வைப்பார். பஜார் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பது ஒரு காரணம். போன் என்றால் காதில் வைப்பது என்பது அதைவிடப் பெரிய காரணம். திரை முழுக்க எங்களுக்கு ஒரு காது தெரியும். சில நாள் அதில் கோணி நார் ஒட்டியிருக்கும். யாழினி சின்னப் பெண்ணாக இருந்தபோது அதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து 'தாத்தா காது' என்று ஒரு ஆல்பம் போட்டு வைத்திருந்தாள். என் வீட்டிலேயே ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரே ஆல்பம் அதுதான். காதுக்கு மாலை போட முடியாது என்பதால் அதை மூடினேன்.

அவர் தனியாக, நேராக, முகம் முழுசாகத் தெரிய நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான். அம்மா வேண்டாம் என்று சொல்கிற அதே படம். அதுவும் குடும்பப் படங்களோடு இல்லை. 'விசா' என்ற ஃபோல்டரில், வங்கிக் கடிதத்துக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் நடுவில் இருந்தது.

3

அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் இரண்டு பேரையும் இங்கே அழைத்துவர ஆசைப்பட்டேன். குளிர் ஒத்துக்காது என்று அம்மா முதலிலேயே கழன்றுகொண்டார். அவரு போயி பாத்துட்டு வந்து சொல்லட்டும் என்றார். நைனா உற்சாகமாகிவிட்டார். பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். அவலூர்பேட்டையிலிருந்தும் தொண்டூரிலிருந்தும் கோணி வாங்க வருபவர்களிடம்கூட அங்கே நெல் விளையாது, கோதுமைதான் என்று போய்வந்தவர் மாதிரி பேசியிருக்கிறார்.

விசாவுக்குப் படம் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனார். அந்த ஸ்டுடியோக்காரர் பல பேரை வெளிநாடு அனுப்பிய அனுபவஸ்தராகத் தன்னைக் கருதுபவர். காது தெரியணும், பல் தெரியக் கூடாது, நெத்தியில எதுவும் இருக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். நைனா விபூதி இல்லாமல் கடை திறந்த நாள் கிடையாது. அங்கேயே ஒரு மக் தண்ணீர் வாங்கி நெற்றியைக் கழுவிவிட்டுப் போய் நின்றிருக்கிறார். எடுத்து முடித்ததும் எனக்கு போன் செய்தார்.

"நெத்தி மொட்டையா இருக்குது நைனா. காத்து அடிக்குது."

எனக்கு அன்றைக்கு ஆபீசில் ஏதோ அவசரம். இந்த நாட்டு ரூல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு விண்ணப்பத்தோடு இணைக்கும்போது புகைப்பட விதிகளைப் படித்தேன். நெற்றியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இனி அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

விசா கிடைக்கவில்லை. பயணம் முடிந்ததும் ஊர் திரும்புவார் என்று எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று வழக்கமான வாசகம் வந்தது. அதை நான் போனில் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். நைனாவுக்கு ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் திரும்ப மாட்டேன்னு அவங்களுக்கு யாரு போட்டுக் குடுத்தது என்று கேட்டார். பஜாரில் வேண்டாதவன் எவனோ எழுதிப்போட்டுவிட்டான் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார். அறுப்பு நேரத்தில் கோணிக்கு ஆட்கள் வருவார்களே, கடையை யார் திறப்பது, நான் எப்படித் திரும்பாமல் இருப்பேன் என்று என்னிடமே நியாயம் கேட்டார். போனவன் திரும்பாமல் இருப்பான் என்ற அவர்களுடைய சந்தேகம் சரியானதுதான். ஆள்தான் மாறிவிட்டது.

மறுபடி போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பிறகு அவருக்கு முட்டிவலி வந்தது. பேச்சு அப்படியே நின்றுபோனது.

4

போன வருஷம் ஒரு நாள் காலையில் கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். தம்பி குமார்தான் போனில் சொன்னான். இரண்டு விமானம் மாறி, சென்னையிலிருந்து கார் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பால் தெளிக்கும் நாளாகிவிட்டது. வெயில் காலம், ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தோம், அதற்கு மேல் முடியவில்லை என்று குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

நான் கடைசியாகப் பார்க்க வேண்டிய முகத்தை பஜார் முனையில் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர். ஆளுயரத்துக்கு மேல் அந்த விசாப் படம். அவசரத்துக்கு நல்ல படம் எதுவும் கிடைக்காமல், நான் எப்போதோ மெயிலில் அனுப்பியதைக் குமார் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறான். வாய் இறுக மூடி, நெற்றி வெறுமையாக, தனக்குக் கீழே நின்று டீ குடிப்பவர்களைப் பார்க்காமல் எங்கோ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் இவர் என்று ஒரு கணம் தோன்றியது. எனக்கு அழுகை வரவில்லை.

அதற்குப் பிறகும் வரவில்லை. வருவதற்கு நேரமும் இல்லை. ஆதார் அட்டையில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க தாலுக்கா ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் லீவு முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், குமாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் வந்ததும் எந்த ஃபிளைட்டில் வந்தாய் என்று கேட்டார்கள். வெளியூர்ல இருந்து இருந்து புள்ளைக்கு மனசு கெட்டியாப்பூடுச்சு என்று ஒரு அத்தை அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேனரில் இருந்த படமே சட்டம் போட்டுக் கூடத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார். எவ்வளவு வைத்தாலும் நெத்தி நிறையலப்பா, கண்ணாடிக்குத்தான் போவுது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அது இத்தனை நாளாக அம்மாவை அரித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் படத்தை மாற்றச் சொன்னபோதுதான் உறைத்தது.

5

யாழினிக்கு இப்போது பதினாறு வயது. அவள் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். கோபம் வந்தால் ஆங்கிலம், ஏதாவது வேண்டுமென்றால் தமிழ். அவளுடைய போனில் என்ன இருக்கிறது என்று எனக்கோ என் மனைவிக்கோ தெரியாது, கேட்கவும் கூடாது. சின்ன வயதுப் படங்களை நான் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் அவளுடைய அஞ்சு வயது முகத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவர்தானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்துவதற்கு எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை உணவின்போது, ஆயாவுக்குத் தாத்தா படம் ஒன்று வேண்டுமாம், எங்குமே இல்லை என்று பொதுவாகப் புலம்பினேன். அவளிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம்தான் சொன்னேன். யாழினி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"என்கிட்ட ஒன்னு இருக்கு. ஆனா குரூப்ல போடக் கூடாது. ஆயாக்கு மட்டும்."

போனை நீட்டினாள். மலையடிப் புளியமரம். மடித்த கோணி. அதன் மேல் நைனா. வலது கை நெற்றிக்குப் பாதி தூரத்தில் நிற்கிறது. விபூதி பாதி அழிந்து ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. கண் இரண்டும் இடுங்கிப்போய், வாய் முழுசாகத் திறந்து, மேல்வரிசையில் பல் போன இடம் தெரிய, உடம்பு குலுங்கச் சிரிக்கிறார். பின்னால் ஒரு குரங்கு எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்ததாம். வெயிலில் மலை ஏற மாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததும், நாங்கள் திட்டிவிட்டு மேலே போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அவள் தாத்தாவோடு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருந்த நேரத்தில் தாத்தாவைப் படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கியிருக்கிறாள். உடனே அவர் வாயை இறுக மூடி, விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, கையால் விபூதியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வெளிநாட்டுப் பேத்தி எடுக்கிற படம், அந்த நாட்டு ரூல்படிதான் இருக்க வேண்டும் என்று அவருக்கு எண்ணம். இவளுக்கு விஷயம் புரிய கொஞ்சம் நேரம் பிடித்திருக்கிறது. புரிந்ததும், தாத்தா, துடைக்காதீங்க, நான் விசா ஆபீஸ் இல்ல என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். நீங்கள் எல்லாம் மலை மேலே இருந்தீர்கள், இது எங்கள் இரண்டு பேருடையது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

6

அன்றைக்கே அம்மாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கினால் உடையுமா என்று பார்த்து, அளவைத் திருத்தி, ஓரத்துக் குரங்கை வெட்டி, பிரேம் போடச் சொல்லிக் குமாருக்கும் தனியாக அனுப்பினேன். காரின் கதவை ஒழுங்காகக் கண்டுபிடித்துக் கொடுத்த நாளில் எனக்கு ஏற்படும் திருப்தி ஏற்பட்டது. நாலைந்து நாள் ஒரு பதிலும் இல்லை. குமாரைக் கேட்டேன். பிரேம் கடையில் கொடுத்ததை அம்மா வேண்டாம் என்று நிறுத்திவிட்டார், நீயே கேட்டுக்கொள் என்றான்.

சனிக்கிழமை காலை கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன், சரியில்லை என்றால் உடனே திருத்திவிடலாம் என்று.

படம் பிடிக்கவில்லையா என்றேன்.

"அதான்பா அவரு. பாதி விபூதி, பல்லு போன எடம், எல்லாம் அப்படியே இருக்குது. பாத்துட்டு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"அப்புறம் இன்னாம்மா? மாட்ட வேண்டியதுதானே."

 கூடத்து ஃபேன் சத்தம் கேட்டது.

"இதுக்கு மாலை போட எனக்குக் கை வரலப்பா. சுவத்துல இருக்காரே, அவருக்குப் போட்டுடலாம். ஒரு வருஷமா போட்டுக்கினுதானே இருக்கேன். அவரு போயிட்டாருன்னா ஒத்துக்கலாம். இவரு போன மாதிரியா இருக்குது? இன்னாவோ சொல்ல வர்றாரு பாரு."

திவசத்துக்குப் பழைய படமே இருக்கட்டும் என்றார். இது தன் போனில் இருக்கட்டும் என்றார். எவ்வளவோ தேடி அனுப்பினாய், வருத்தப்படாதே என்றும் சொன்னார்.

நான் திரையைப் பார்த்தேன். அதுவரைக்கும் அதை ஒரு படமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவு போதுமா, எங்கே வெட்டலாம், எந்த ஃபோல்டரில் போடலாம். இப்போதுதான் அவரைப் பார்த்தேன். அந்தக் கை நெற்றிக்கும் மடிக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பேனரில் இருந்தவர் செத்ததற்கு எனக்கு அழுகை வராமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இவர் செத்துப்போனதை எனக்கு யாரும் சொல்லவே இல்லை. இவர் இனி போனைக் காதில் வைக்க மாட்டார், என்னை நைனா என்று கூப்பிட மாட்டார்.

வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது. யாழினியின் அறைக் கதவு திறந்ததும், அவள் வந்து தூரத்தில் நின்றதும் தெரிந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"அழுவுறியா?" என்று அம்மா கேட்டார்.

வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டேன்.

"அழுவு. நான் போனை வெக்கல."

அந்தப் பக்கம் குமார் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் கேட்டது. இரண்டாவது முறையும் கூப்பிட்டான். அம்மா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.